பச்சை வரும்வரை சோடா

எங்கள் ஆஸ்டின் டவுன் சந்தில் அய்யாவு அண்ணனை ‘டாக்டர்’ என்று முதலில் கூப்பிட்டது நான் இல்லை. அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கூப்பிட்டவள் எதிர்வீட்டு கேத்தரின். அவள் கிண்டலுக்குத்தான் சொன்னாள். அந்த மனிதர் அதை நிஜம் என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டவர் மேல் எனக்கு இன்றுவரை கோபம் இருக்கிறது, அவரை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது. இரண்டில் எது அதிகம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

நான் அடுத்த வீடு. பெயர் ஜோசஃபின். வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர், அதுவும் ஒற்றைச் செங்கல் சுவர். அங்கே தும்மினால் இங்கே எனக்குக் கேட்கும்.

அய்யாவு அண்ணனுக்கு தொம்மலூர் பக்கம் ஒரு பெரிய அபார்ட்மெண்டில் வேலை. கார் நிறுத்தும் தளத்துக்கும் கீழே, வெளிச்சம் எட்டாத இடத்தில், கழிவுநீரைச் சுத்தம் செய்கிற பிளான்ட் ஒன்று இருக்கிறது. மேலே இத்தனை வீட்டுக் கக்கூஸிலிருந்தும் சமையலறையிலிருந்தும் வருகிற தண்ணீர் அந்தத் தொட்டிகளுக்குள் விழும். அதைத் தெளியவைத்து, செடிக்கும் ஃப்ளஷுக்கும் திருப்பி அனுப்ப வேண்டும். அழுக்கைத் தின்பது தொட்டிக்குள் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். அதுகளுக்கு மூச்சு முட்டாமல் இருக்க ப்ளோயர் என்கிற மிஷின் ராப்பகலாகக் காற்று ஊதிக்கொண்டே இருக்கும். தண்ணீரில் ஆசிட் ஏறினால் கிருமிகள் செத்துப்போகும். ஏறியதா என்று பார்க்க அண்ணன் சட்டைப்பையில் ஒரு சின்னத் தாள்சுருள் வைத்திருப்பார். ஒரு துண்டு கிழித்துத் தண்ணீரில் நனைத்தால் நிறம் மாறும். மஞ்சளோ ஆரஞ்சோ வந்தால் ஆசிட். உடனே சோடாவைக் கரைத்து ஊற்றுவார். பச்சை வரும்வரை ஊற்றுவார். பச்சை வந்துவிட்டால் தொட்டி பிழைத்தது என்று அர்த்தம்.

அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று அங்கே வீட்டுவேலை செய்கிற பெண்கள் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் எங்கள் சந்தில் யார் அதை மதித்தார்கள்? கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் மூக்கைச் சுளித்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து உட்காருவார். அவர் உடம்பில் ஒரு நாற்றமும் கிடையாது. ரெக்ஸோனா தேய்த்துத் தேய்த்துக் குளிக்கிற மனிதர். பொம்மனஹள்ளியில் கட்டிக்கொடுத்த மகள் மமதாகூட மாமியார் வீட்டில் ‘அப்பா தண்ணி இலாகாவுல இருக்காரு’ என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். அது அவர் காதுக்கும் வந்தது. அன்று மட்டும் இரண்டு தடவை குளித்தார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த அபார்ட்மெண்ட் கிளப் ஹவுஸில் ஒரு கூட்டம் நடந்தது. வெள்ளை ஜிப்பா போட்ட ஒருத்தர் வந்து, உலகத்தில் இருக்கிற அத்தனை வியாதிக்கும் உடம்பில் ஏறுகிற ஆசிட்தான் காரணம், அரிசி ஆசிட், சர்க்கரை ஆசிட், கறி ஆசிட், டீ ஆசிட், ஆசிடை இறக்கினால் எந்த மாத்திரையும் வேண்டாம் என்று பேசியிருக்கிறார். ஏதோ தண்ணீர் மிஷின் விற்க வந்தவர். நாற்காலி போட ஆள் போதவில்லை என்று அண்ணனைக் கீழேயிருந்து மேலே வரவழைத்திருக்கிறார்கள். சுவரோரமாக நின்று கேட்டிருக்கிறார். பேசியவர் கடைசியில் ஒரு தாளை எடுத்துத் தண்ணீரில் நனைத்து, நிறம் மாறுவதைத் தூக்கிக் காட்டியதும் கூட்டம் கைதட்டியது.

“அதே தாள், ஜோசஃபின். என் பாக்கெட்டுல இருக்கற அதே தாள்,” என்றார் என்னிடம். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. இத்தனை வருஷமாக நாற்றத் தொட்டிக்குள் தான் பார்த்துக்கொண்டிருந்ததைத்தான் மேலே இருக்கிற பெரிய மனிதர்கள் ஏ.சி. போட்டு உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து சந்தே தலைகீழாகிவிட்டது. காலையில் அவர் வாசலில் ஆட்கள் சின்னச் சின்ன பாட்டிலோடு நின்றார்கள். பாட்டிலில் என்ன இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் தாளை நனைப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். மஞ்சள் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஆப்ப சோடா கலக்கிக் குடிக்கச் சொல்வார். மறுநாள் பச்சை வரும். வராமல் எங்கே போகும்? குடித்த சோடா வேறு வழியில்லாமல் அந்த வழியாகத்தானே வெளியே வர வேண்டும்! ஆனால் அது எங்களில் யாருக்கும் அப்போது தோன்றவில்லை. நானும் குடித்தேன். எனக்கு வந்தது ஏப்பம்தான். தாள் பச்சையானதைப் பார்த்து அவர் பட்ட சந்தோஷத்தில் ஏப்பத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கேத்தரினுக்கு ரத்தக்கொதிப்பு. அவள் டாக்டர், டாக்டர் என்று கிண்டல் பண்ணிக்கொண்டே மாத்திரையை நிறுத்திவிட்டு சோடாத் தண்ணீர் குடித்தாள். கிண்டல் பண்ணுகிறவர்கள்தான் முதலில் விழுவார்கள்.

இனி பாகீரதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அய்யாவு அண்ணன் மனைவி. அவளுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. மாத்திரைக்கு அடங்காமல் இன்சுலின் ஊசிக்குப் போய்விட்டது. அவர்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லாததால் மருந்துக் குப்பி என் ஃப்ரிட்ஜ் கதவில், முட்டைக்குப் பக்கத்தில் இருக்கும். தினம் காலையில் வருவாள். என் தையல் மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையை ஒதுக்கி வயிற்றில் குத்திக்கொள்வாள். வயிறு முழுக்கக் கன்றிப்போய் நீல நீலமாக இருக்கும். ‘இன்னிக்கு எங்க குத்தறது, இடமே இல்லியே’ என்று சிரித்துக்கொண்டே தேடுவாள். பிறகு ஊர்வம்பு கொஞ்சம் பேசிவிட்டுப் போவாள். என் நாளே அப்படித்தான் தொடங்கும்.

ஒருநாள் அவள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நான் போய்க் கேட்டபோது அண்ணன்தான் வாசலில் வந்து பதில் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றிவிட்டார்களாம். நல்லதுதானே என்று வந்துவிட்டேன். உள்ளே பாகீரதி நின்றுகொண்டிருந்தாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதை நான் கவனித்தேன், ஆனால் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஆஸ்பத்திரியாவது, மாத்திரையாவது! எல்லாம் பச்சைப் பொய் என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. சர்க்கரையே ஆசிடால் வருவதுதான், தொட்டியில் ஆசிட் இறங்கினால் செத்த கிருமி திரும்ப முளைக்கிற மாதிரி உனக்குள்ளே இருக்கிற இன்சுலின் தானே சுரக்கும், கொஞ்ச நாள் பொறு என்று அவர் சொல்லியிருக்கிறார். அவள் கேட்டுக்கொண்டாள். அவள் புருஷனை நம்பினாள் என்பதைவிட ஊசி இல்லாத காலையை நம்பினாள் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த வயிற்றைப் பார்த்தவர்கள் யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் அவள் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். ஓயாமல் பின்பக்கம் போய் வந்தாள். பிளவுஸ் தொளதொளவென்று ஆகி, பிடித்துக் கொடுக்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தாள். உடம்பு இளைக்கிறதே என்றேன். அழுக்கு வெளியே போகிறது என்று அவர் சொன்னதாகச் சொன்னாள். இரண்டு நாள் கழித்து வாந்தி. ஆசிட் வெளியே போகிறது என்றாராம்.

ஒரு காலை, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மாடி ஏறி வந்தவர்கள் மாதிரி மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. நிற்கவே இல்லை. மிஷினை நிறுத்திவிட்டு ஓடினேன். பாகீரதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. ஆழமாக, வேகமாக மூச்சு இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். கிட்டே போனால் அழுகின பழ வாசனை. அய்யாவு அண்ணன் ஒரு கையில் சோடா டம்ளரும் இன்னொரு கையில் தாளுமாக நின்றிருந்தார். தாள் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது.

“பச்சை வரல, ஜோசஃபின். இவ்ளோ குடுத்தும் வரல,” என்றார். இன்னொரு ஸ்பூன் கலக்கிக்கொண்டே சொன்னார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் டம்ளரைத் தட்டிவிட்டேன். அது உருண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் நின்றது. ஆட்டோ பிடித்து, நானும் அவருமாக அவளைத் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசியை நிறுத்தச் சொன்னது தான்தான் என்று வழியில்தான் என்னிடம் சொன்னார். வழி நெடுக அவர் தாளைக் கையிலேயே வைத்திருந்தார். கீழே போடத் தோன்றவில்லை போல.

எமர்ஜென்சியில் நிருபமா என்று ஒரு சின்ன வயது டாக்டர். கன்னடமும் தமிழுமாகப் பேசினார். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் மிஷின் எண்ணே காட்டவில்லை, அவ்வளவு ஏறியிருந்தது. மணிக்கட்டில் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். சீட்டு வந்ததும் டாக்டர் திரும்பி, “இவங்க ரத்தத்துல ஆசிட் ஏறியிருக்கு,” என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் அய்யாவு அண்ணன் ஓரடி முன்னால் வந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். நான் சொன்னதுதானே என்கிற மாதிரி.

டாக்டர் மேலே சொன்னார். இன்சுலின் இல்லாவிட்டால் உடம்பால் சர்க்கரையை எடுத்துக்கொள்ள முடியாது, பசியில் கொழுப்பைக் கரைக்கும், அதிலிருந்துதான் இந்த ஆசிட் வருகிறது. சாப்பாட்டால் வந்ததில்லை. கடைசியாக எப்போது ஊசி போட்டார்கள் என்று கேட்டார். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் தரையைப் பார்த்தார். ஸ்ட்ரெச்சரிலிருந்து பாகீரதியின் குரல் வந்தது.

“நான்தான் மறந்துட்டேன் மேடம்.”

இத்தனை நாள் மறப்பாயா, உயிர் மேல் ஆசை இல்லையா, படித்துப் படித்துச் சொல்லியும் இப்படித்தானா என்று டாக்டர் பிடித்துக்கொண்டார். வார்டே திரும்பிப் பார்த்தது. பாகீரதி கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சு மட்டும் அதே வேகத்தில் இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டில்காரி ‘அய்யோ, ஊசியக்கூட மறப்பாங்களா’ என்று யாரிடமோ சொன்னாள். புருஷன் அவள் ஸ்ட்ரெச்சரின் கால்மாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கே தலையைக் குனிந்துகொள்ளலாம் போல இருந்தது.

டாக்டர் சீட்டை மறுபடி பார்த்துவிட்டு அண்ணனிடம் கேட்டார். ரத்தத்தில் இருக்கிற உப்புக்கணக்கு ஒத்துப்போகவில்லை, வேறு ஏதாவது கொடுத்தீர்களா, நாட்டு மருந்து, கஷாயம், எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள், தெரியாமல் மருந்து ஏற்றினால் இதயத்துக்கே ஆபத்து என்றார்.

“இல்ல மேடம்,” என்றார் அய்யாவு அண்ணன்.

டாக்டர் விடவில்லை. நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

“சாப்பாடுதான் மேடம். வேற எதுவும் இல்ல.”

அவர் கை சட்டைப்பையை அழுத்திப் பிடித்திருந்தது. உள்ளே அந்தச் சுருள். எனக்குப் பொறுக்கவில்லை. ஆப்ப சோடா குடித்தாள் மேடம், நாளெல்லாம் டம்ளர் டம்ளராகக் குடித்தாள், இன்று காலையில்கூட, ஊசி மருந்து என் ஃப்ரிட்ஜில் அப்படியே இருக்கிறது, அவள் மறக்கவில்லை, நிறுத்தச் சொன்னார்கள் என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். யார் சொன்னார்கள் என்று மட்டும் சொல்லவில்லை. அதையாவது அவரே சொல்லட்டும் என்று விட்டுவைத்தேன். அவர் சொல்லவில்லை.

டாக்டர் யாரையும் திட்டவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு டிரிப்பில் எதையோ மாற்றச் சொன்னார். அவளை ஐசியூவுக்குத் தள்ளிக்கொண்டு போனபிறகுதான் எங்களிடம் வந்தார். தாளை நனைத்துப் பார்த்ததை நான் சொன்னதும், அண்ணன் பையிலிருந்த அந்தத் தாளைக் காட்டச் சொன்னார். காட்டினார்.

“நீங்க பாத்தது மூத்திரம். ரத்தம் வேற,” என்றார் டாக்டர்.

எதைத் தின்றாலும் எதைக் குடித்தாலும் ரத்தம் தன் நிலையிலிருந்து அசையாமல் பார்த்துக்கொள்ள உடம்புக்குத் தெரியும், மிஞ்சுகிற ஆசிடை நுரையீரல் மூச்சாக வெளியே தள்ளும், மீதியைக் கிட்னி வடிகட்டும், அந்த வடிகட்டினதைப் பிடித்து வைத்துக்கொண்டு நிறம் பார்த்தால் உள்ளே நடப்பது தெரியாது என்று சொன்னார். அவள் அப்படி மூச்சு வாங்கியதும் அதற்குத்தானாம். ஏறின ஆசிடை வெளியேற்ற உடம்பு தன்னால் ஆனமட்டும் போராடியிருக்கிறது.

அண்ணன் கையிலிருந்த தாளை மடித்துக்கொண்டே கேட்டார்.

“அப்ப அது ப்ளோயர்தானா மேடம். ஃபுல்லா ஓடிட்டிருந்துச்சா.”

டாக்டருக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. தன் தொட்டியில் மிஷின் அப்படி அலறினால் அடுத்த நிமிஷம் ஓடிப்போய்ப் பார்க்கிற மனிதர், தன் வீட்டில் அது அலறுவதைக் கேட்டுக்கொண்டு ஸ்பூனால் கலக்கிக்கொண்டிருந்தார். அவர் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். டாக்டர் போகும்போது, வேறு யாராவது இப்படிக் குடித்துக்கொண்டிருந்தால், முக்கியமாக பி.பி. இருக்கிறவர்கள், உடனே நிறுத்தச் சொல்லுங்கள் என்று அவரைப் பார்த்துத்தான் சொல்லிவிட்டுப் போனார்.

பாகீரதி பிழைத்தாள். புண்ணியவதி, அப்படித்தான் சொல்ல வேண்டும். உடம்பு பாதியாகி வீட்டுக்கு வந்தாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ‘நான்தான் ஊசிய மறந்துட்டேன்’ என்றாள். ஒரே வாக்கியம், அதே சொல், குரல்கூட மாறவில்லை. வந்தவர்கள் அவளுக்குப் புத்தி சொல்லிவிட்டு, பாவம் அய்யாவு என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். அவர் அடுப்படியிலேயே நிற்பார். வெளியே வர மாட்டார். வேலைக்குப் போகும்போதும் சந்தின் பின்பக்கமாகப் போய்விடுவார்.

எனக்குக் கவலை கேத்தரினைப் பற்றி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அவளிடம் சோடாவை நிறுத்து, மாத்திரையைப் போடு என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். அவள் கேட்டால்தானே? “நீ தைக்கறவ. நம்ம டாக்டர் வந்து சொல்லட்டும், நிறுத்தறேன்,” என்றாள். அவள் கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழையாமல் இருந்தது. நான் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். தலையை ஆட்டினார். அன்று போகவில்லை. மறுநாளும் போகவில்லை. போனால் ஏன் என்று கேட்பாளே, கேட்டால் காரணம் சொல்ல வேண்டுமே!

ஞாயிற்றுக்கிழமை காவேரித் தண்ணீர் விட்டிருந்தார்கள். சந்து முழுக்கக் குழாயடியில். பாகீரதி வாசலில் நாற்காலி போட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். கேத்தரின் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, கையில் பாட்டிலோடு அவர்கள் வாசலுக்கு வந்தாள்.

“எங்கடி டாக்டர்? நீ பாட்டுக்கு ஊசிய மறந்துட்டுப் படுத்துக்கிட்ட. மனுஷன் வெளிய தலை காட்ட முடியாம கிடக்கறாரு,” என்றாள்.

பாகீரதி சிரித்தாள். மறதிதான் என்றாள்.

அப்போதுதான் அய்யாவு அண்ணன் வெளியே வந்தார். பனியனோடு, சவரம் பண்ணாத முகத்தோடு. கேத்தரின் கையிலிருந்த பாட்டிலை வாங்கிச் சாக்கடையில் ஊற்றினார். குழாயடிப் பேச்சு நின்றது.

“அவ மறக்கல. நான்தான் ஊசிய நிறுத்தச் சொன்னேன். நான் நிறுத்தினதாலதான் சாகக் கிடந்தா. நீ இன்னிக்கே சோடாவ நிறுத்திட்டு மாத்திரையப் போடு, கேத்தரின். எனக்கு ஒண்ணும் தெரியாது.”

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, யாரும் நகர்த்தவில்லை. அத்தனை பேர் முன்னால் அவர் நின்ற நிலையைப் பார்த்து என் கோபமெல்லாம் கரைந்துவிட்டது. போகட்டும், மனிதர் சொல்லிவிட்டார், இனி தலை நிமிரலாம் என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்தார் போலிருக்கிறது. மெல்லத் திரும்பிப் பாகீரதியைப் பார்த்தார்.

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

“இத அன்னிக்கு அந்த மேடத்துகிட்ட சொல்லியிருக்கலாம்யா. திருப்பித் திருப்பிக் கேட்டாங்களே. என் கண்ணுதான் மூடியிருந்துச்சு.”

அவ்வளவுதான் சொன்னாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர் சாக்கடை ஓரத்தில் காலி பாட்டிலோடு நின்றார். கேத்தரின் தன் குடத்தை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் நகர்ந்தாள். அன்று சாயங்காலம் அவள் மாத்திரை வாங்கி வந்ததைப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் என் கதவைத் தட்டியவர் அய்யாவு அண்ணன். இனி தினமும் மருந்தைத் தானே வந்து வாங்கிக்கொண்டு போவதாகச் சொன்னார். ஃப்ரிட்ஜிலிருந்து குப்பியை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனார். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, அதே குப்பியோடு திரும்பி வந்தார்.

“என் கையால வாங்க மாட்டேங்கறா. நீயே வந்து குடுத்துடு, ஜோசஃபின்,” என்றார்.

என் முகத்தைப் பார்க்கவில்லை. குப்பியை என் கையில் வைத்துவிட்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். நான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.